கனடாவுக்குக் குடிபோகிறோம், பிள்ளைகளுக்கு நல்ல கத்தோலிக்கப் பள்ளியை எப்படித் தேடுவது?

கேட்டிருப்பவர் திருச்சிக்காரர். பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) கைக்கு வந்துவிட்டது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. கணவருக்கு டொராண்டோ பக்கமும் வான்கூவரிலும் வேலைப் பேச்சு ஓடுகிறது. "கான்வென்ட் மாதிரி நல்ல பள்ளி எது, டொனேஷன் எவ்வளவு ஆகும், இங்கிருந்தே அட்மிஷன் போட்டுவிடலாமா?" என்பது கேள்வி.

நான் தூத்துக்குடிக்காரி. 2018 ஆகஸ்டில் இதே மூன்று கேள்விகளோடும் இதே வயதில் இரண்டு பிள்ளைகளோடும் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் வந்து இறங்கினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவர் எந்த ஊர் என்று முடிவு செய்யட்டும். பாதி பதில் அதில்தான் இருக்கிறது. கனடாவில் கல்வி மாகாணத்தின் கையில். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ, ஆல்பர்டா, சஸ்காட்சுவன் மூன்றிலும் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடக்கும் அரசுப் பள்ளிகள். கட்டணம் கிடையாது, டொனேஷன் என்ற பேச்சே கிடையாது. ஒன்டாரியோவில் இதற்கு வேர் 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவில் இருக்கிறது; அன்று அங்கே சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கரின் பள்ளிகளுக்குக் கொடுத்த பாதுகாப்பு இன்றும் நிற்கிறது. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்படி இல்லை. அங்கே கத்தோலிக்கப் பள்ளி தனியார் பள்ளி. அரசு ஒரு பகுதி உதவித்தொகை கொடுத்தாலும் மீதியை நீங்கள் கட்ட வேண்டும். உங்கள் வட்டாரக் கோயில் பங்கில் பதிந்து, ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிற குடும்பமா என்று பங்குத்தந்தையிடம் கேட்பார்கள். நம்மூர்ப் பழக்கத்துக்கு அதுதான் கிட்ட வரும் என்று நினைக்கிறேன். கியூபெக்கிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இருந்த மதவழிப் பள்ளி அமைப்பை 1990களின் கடைசியில் எடுத்தே விட்டார்கள்.

உங்கள் நாலு வயது மகனுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்டாரியோவில் டிசம்பர் 31க்குள் நாலு முடிகிற பிள்ளை அந்த செப்டம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டன் போகலாம், முழு நாளும், இலவசமாக. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஐந்தாவது வயதில்தான் கிண்டர்கார்டன். அங்கே போனால் அதுவரை டேகேருக்கு எவ்வளவு ஆகும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

இனி சொல்வதெல்லாம் எனக்குத் தெரிந்த ஒன்டாரியோ.

"நல்ல பள்ளி எது" என்ற கேள்வியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள். இங்கே பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, உங்கள் வீட்டு முகவரி தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லை உண்டு. டொராண்டோவுக்கு (ஸ்கார்பரோவும் இதில்தான்) ஒரு கத்தோலிக்கப் பள்ளி வாரியம். மிசிசாகா, பிராம்ப்டனுக்கு டஃபரின்-பீல். மார்க்கம் பக்கம் யார்க். ஏஜாக்ஸ், விட்பி பக்கம் டர்ஹம். அந்தந்த வாரியத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் உங்கள் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு, "எதிரிலேயே பள்ளிக்கூடம்" என்ற ஒரு வரியைப் பார்த்து ஒரு பேஸ்மென்ட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டோம். வந்து பார்த்தால் எதிரில் இருந்தது மதம் சாராத பொது வாரியத்தின் பள்ளி. சரி, மேப்பில் பத்து நிமிட நடையில் புனிதர் பெயரோடு ஒரு பள்ளி தெரிந்ததே என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். மகளுக்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் வேறு, இன்டர்வியூ இருக்கும் என்று. அலுவலகத்தில் இருந்த அம்மா முகவரியைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் தெரு எங்கள் எல்லையில் வராது என்று சிரித்த முகமாகவே சொன்னார். நடுவில் ஒரு பெரிய சாலை. அதற்கு அந்தப் பக்கம் வீடு பார்த்திருந்தால் அந்தப் பள்ளி. இந்தப் பக்கம் என்பதால் எங்களுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வேறொன்று. பனியில் இரண்டு கிலோமீட்டர் என்றால் என்ன என்று ஜனவரியில் தெரிந்துகொண்டோம். தூரத்தைப் பொறுத்துப் பள்ளி பஸ் உண்டு, ஆனால் பஸ்ஸைத் தவறவிடுகிற நாளும் உண்டு.

ஆகவே ஊரிலிருந்தே அட்மிஷன் போடப் பார்க்காதீர்கள். வாடகை ஒப்பந்தமோ வேறு முகவரிச் சான்றோ இல்லாமல் பதிய மாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் தங்கி, அந்த முகவரியில் சேர்த்தால், வீடு மாறும்போது பள்ளியும் மாற வேண்டி வரும். பிள்ளைகள் பாவம். இன்னொன்று, ஜூலையில் வந்து இறங்கினால் பள்ளிகள் பூட்டிக் கிடக்கும், ஆகஸ்ட் கடைசியில்தான் ஆள் வருவார்கள். அதுவரை வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். சீட் கிடைக்காதோ என்று தூக்கம் கெட வேண்டாம். அந்தப் பள்ளி நிரம்பியிருந்தாலும் பக்கத்தில் ஒன்றில் இடம் கொடுப்பார்கள்.

இப்போது காகிதங்கள். எட்டாம் வகுப்பு வரை பிள்ளையோ, பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கர் என்பதற்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எந்த மதத்துப் பிள்ளையும் சேரலாம். எங்கள் தெருவிலிருந்து ஒரு பஞ்சாபிப் பையனும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போகிறான்.

இந்த சர்டிபிகேட்டில்தான் நம் ஆட்கள் மாட்டுவது. என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் என் மாமியார் பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். பாஸ்போர்ட்டிலோ நம் இனிஷியலை விரித்து, அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே பிள்ளை என்று தூத்துக்குடியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே எங்களுக்கு விழுந்த பள்ளியின் அலுவலக அம்மா மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று ராத்திரியே ஊர்ப் பங்குத்தந்தையை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"ஸ்தோத்திரம் ஃபாதர்."

"என்னம்மா, அங்க போயும் என்னை விட மாட்டியா?"

பதிவேட்டைப் பார்த்து, இன்ன தேதியில் இன்னாருக்கு ஞானஸ்நானம், பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் இது, இருவரும் ஒருவரே என்று பங்கு முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினார். அதோடு முடிந்தது. உண்மையில் என் கணவரின் சர்டிபிகேட்டே போதுமாக இருந்திருக்கும், அதை ஊரில் பீரோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

டி.சி.யை யாரும் கேட்கவில்லை. அதற்காக நான் பழைய பள்ளிக்கு நாலு நடை நடந்திருந்தேன். பழைய ரிப்போர்ட் கார்டை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். வகுப்பு பிறந்த வருடத்தை வைத்துத்தான். 2010இல் பிறந்தவள் என்றதும் மூன்றாம் வகுப்பு என்று எழுதிவிட்டார்கள், மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சில்லை.

தடுப்பூசி அட்டையை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அம்மைக்கு இருப்பது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுதான். ஒன்டாரியோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி, மெனிஞ்சோகாக்கல் (ஒரு வகை மூளைக்காய்ச்சல்), 2010இலோ அதற்குப் பின்னோ பிறந்திருந்தால் சின்னம்மை, இவையும் சட்டப்படி வேண்டும். இல்லாவிட்டால் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வரும்; கண்டுகொள்ளாமல் விட்டால் பள்ளிக்கு வராதே என்று சில நாள் நிறுத்தியும் வைப்பார்கள். தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால் பாதி ஏற்கனவே போட்டிருக்கலாம், அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சேர்க்கும்போது, வீட்டு வரியோடு வரும் பள்ளி வரியைக் கத்தோலிக்க வாரியத்துக்குத் திருப்பச் சொல்லி ஒரு படிவம் தருவார்கள். வாடகை வீட்டுக்காரர்களும் போடலாம். எந்தப் பக்கம் போட்டாலும் வரித் தொகை ஒன்றுதான். பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள்.

இனி அந்த "கான்வென்ட்". நம்மூரில் அந்தச் சொல்லுக்குக் கண்டிப்பு, ஆங்கிலம், கௌரவம் என்று பல அர்த்தம். அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்த மகள் கேட்டது, "அம்மா, சிஸ்டரையே காணோம்?" கன்னியாஸ்திரி கிடையாது, பிரம்பு கிடையாது, ரேங்க் கிடையாது. பக்கத்துப் பொதுப் பள்ளியில் நடக்கும் அதே பாடத்திட்டம்தான். கூடுதலாக இருப்பது காலை ஜெபம், மறைக்கல்விப் பாடம், அவ்வப்போது பள்ளியோடு சேர்ந்து பூசை, சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பான்கேக். பக்கத்துப் பள்ளியைவிட இது உசத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் மாகாணம் முழுக்க ஒரே தேர்வு உண்டு, அந்த மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளுக்கு ரேங்க் போட்டு வீடு விற்கிறவர்களும் உண்டு. அதைப் பார்த்து வாடகையில் ஐந்நூறு டாலர் கூடக் கொடுப்பது எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது. அந்த ஐந்நூறில் பிள்ளைகளுக்கு நல்ல பனிக்கால உடுப்பு வாங்கலாம், இடைவேளைக்குக் கொட்டும் பனியிலும் வெளியேதான் விடுவார்கள். வேலைக்குப் போகிற அம்மாவாக இருந்தால் நான் முதலில் கேட்கச் சொல்வது பள்ளி முடிந்தபின் பிள்ளையை வைத்துக்கொள்ளும் வசதி அதே கட்டடத்தில் உண்டா என்பதுதான். அதற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

உங்கள் மகளுக்காக ஒன்று. ஊரில் எங்கள் பங்கில் புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்குவது) நாலாம் அல்லது ஐந்தாம் வகுப்பில். டொராண்டோ உயர்மறைமாவட்டத்தில் இரண்டாம் வகுப்பிலேயே கொடுத்துவிடுகிறார்கள். என் மகள் வந்தபோது வகுப்பில் எல்லோரும் வாங்கி முடித்திருந்தார்கள். பள்ளிப் பூசையில் மற்ற பிள்ளைகள் எழுந்து வரிசையில் போக, இவள் மட்டும் கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்கித் திரும்புவாள். ஆறு மாதம் அது அவளுக்குப் பெரிய குறை. பங்கில் தனி வகுப்பு நடத்தி, மே மாதம் கொடுத்தார்கள். தாமதம் முழுக்க நான் கேட்காததால்தான். நீங்கள் வந்த முதல் ஞாயிறே பங்கு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து இதையும் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்குத் திருச்சியில் உங்களுக்கு ஒரே வேலைதான். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குப் போய் நாலு பேருக்கும் ஞானஸ்நான சர்டிபிகேட் கேளுங்கள். உங்கள் ஞானஸ்நானம் வேறு பங்கு என்றால் அங்கே போக வேண்டும், அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கையில் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய், எழுத்துக்கு எழுத்து சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள்.