30 மணி நேரம், 40 வேலை: கோர்ட் இன்டர்பிரெட்டர் கேள்வி பதில்

கலிபோர்னியா மாநில நீதிமன்றங்களில் தமிழுக்கு இன்டர்பிரெட்டராக (பேச்சை வாய்மொழியாக மொழிபெயர்ப்பவராக) இருப்பவர்கள் தகுதியைக் காலாவதியாகாமல் வைத்துக்கொள்வது பற்றி மட்டும் கேளுங்கள். தேர்வு எழுதுவது எப்படி என்பது வேறு கதை.

அக்கா, ரெனிவலுக்கு 100 டாலர் கட்டிவிட்டேன். இனி இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லைதானே?

இருக்கிறது. இது இரண்டு தனித்தனிக் கணக்கு. 100 டாலர் கட்டணம் ஆண்டுதோறும். அதற்குமேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வியும், 40 தொழில்முறை இன்டர்பிரெட்டிங் வேலையும் காட்ட வேண்டும். பணம் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் இரண்டாம் வருஷக் கடைசியில் வகுப்பு தேடி அலைகிறார்கள். மூன்று மாதத்துக்கு நாலு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் 24 மாதத்தில் 32 வந்துவிடும். இரண்டு மணி உபரி. இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று செல்லாமல் போனாலும் தாங்கும்.

எந்த வகுப்பு செல்லும்? யூடியூபில் சட்டச் சொற்கள் பற்றி நிறையப் பார்க்கிறேன்.

பாருங்கள், நல்லது. ஆனால் கணக்கில் வராது. ஜுடிஷியல் கவுன்சில் (மாநில நீதிமன்றங்களுக்கு விதி வகுக்கும் குழு) ஒப்புதல் தந்த வகுப்புக்கு ஓர் ஒப்புதல் எண் இருக்கும். காசு கட்டுவதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முடித்ததும் வரும் சான்றிதழில் உங்கள் பெயர் (அடையாள அட்டையில் உள்ளபடியே), வகுப்பின் எண், தேதி, மணி நேரம், நடத்தியவர் பெயர் என ஐந்தும் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்டால் நடத்தியவர் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்.

தமிழுக்கு வேலையே அபூர்வம். 40 எப்படிச் சேரும்?

நம் மொழிக்காரர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான். 30 மணியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், 40 வேலையை வாங்க முடியாது.

கிரிமினல் கோர்ட்டை மட்டும் நம்பியிருந்தால் நிறையாது. டெபாசிஷன் (கோர்ட்டுக்கு வெளியே எடுக்கும் சாட்சியம்), நிர்வாக விசாரணை, வேலையிட விபத்து இழப்பீட்டு விசாரணை, வக்கீல் தன் கட்சிக்காரரைச் சந்திப்பது என்று வலையை விரியுங்கள். பக்கத்து மாவட்டக் கோர்ட்டுகளின் இன்டர்பிரெட்டர் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் உங்கள் பதிவு எண்ணோடு தெரியப்படுத்துங்கள். தமிழ் தேவைப்படும் நாளில் அவர்களுக்கு அவசரம்தான். எழுத்து மொழிபெயர்ப்பு இந்த 40-இல் சேராது. சொந்தக்காரர் வழக்கில் உதவிக்குப் போவதும் சேராது, அதற்குப் போகவும் கூடாது.

ஒவ்வொரு வேலையையும் அன்றிரவே ஒரு தாளில் ஏற்றுங்கள்: தேதி, இடம், வழக்கு எண், தொடங்கிய முடித்த நேரம், அழைத்தவர் யார். சாட்சி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட வேண்டாம். குறிப்பேடு தொலைந்தால் ரகசியமும் தொலையும்.

நான் சான்றுபெற்ற தமிழ் இன்டர்பிரெட்டர். என் விசிட்டிங் கார்டில்...

நிறுத்துங்கள். கலிபோர்னியாவில் தமிழுக்குச் 'சான்றுபெற்ற' என்ற நிலை கிடையாது, 'பதிவுபெற்ற' நிலைதான். சான்றுத் தேர்வு உள்ள மொழிகளுக்குத்தான் சான்று. பஞ்சாபிக்கு உண்டு, நமக்கு இல்லை. கார்டு, மின்னஞ்சல் கையொப்பம், லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் பார்த்தால் போதும், உங்கள் வார்த்தை ஒவ்வொன்றையும் சந்தேகிக்க அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

ஏடிஏ (அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கம்) சான்று வாங்கினால் சரியாகுமா?

அது எழுத்து மொழிபெயர்ப்புக்கானது. அதில் தமிழும் இல்லை.

பதிவு எண் காலாவதியானால் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்பதில்லையே.

கேட்பார்கள். பெயர், தற்போதைய பதிவு எண், மொழி, அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டதா, சத்தியப்பிரமாணம் ஆயிற்றா என்பதெல்லாம் விசாரணைப் பதிவில் ஏற வேண்டும் என்பது கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 68561-ஆம் பிரிவு. அந்த நேரத்தில் உளறாதீர்கள்.

அக்கா, நன்னெறி வகுப்பில் 'ஆமா' என்றால் எப்போதும் 'யெஸ்' என்றார்கள். சரியா?

இல்லை. "நீங்கள் இதில் கையெழுத்துப் போடவில்லை, அப்படித்தானே?" என்று கேட்டால் தமிழர் "ஆமா" என்பார். போடவில்லை என்று அர்த்தம். நீங்கள் 'யெஸ்' என்று விட்டால், ஆறு மாதம் கழித்துப் பதிவைப் படிக்கிறவருக்குப் போட்டார் என்றும் விளங்கலாம். அங்கே 'கரெக்ட்' என்பதுதான் பொருந்தும். கேட்ட கூற்றுக்குச் சம்மதம் என்பதை மட்டும் சொல்கிறது, எதையும் கூட்டவில்லை.

மன்னிக்கணும், இதை ஏற்க முடியாது. சாட்சி சொன்னது ஒரே சொல். அதற்கு விளக்கம் தருவது நம் வேலை இல்லை. கலிபோர்னியா நீதிமன்ற விதிகளில் நம் நடத்தை பற்றிய 2.890 கூட்டாதே, விடாதே, திருத்தாதே என்கிறது.

அதே விதி துல்லியமாகச் சொல் என்றும் சொல்கிறது, சார். துல்லியம் என்பது சொல்லுக்குச் சொல் இல்லை. 'ஆமா' தமிழில் எதிர்மறைக் கூற்றை ஆமோதிக்கிறது. ஆங்கிலத்தில் 'யெஸ்' அந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாயும். சாட்சி ஒரு பக்கம் நிற்கிறார், நீங்கள் அவரை நடுவில் நிறுத்துகிறீர்கள். அதுதான் திருத்துவது.

சரி, ஆனால் அதே கேள்விக்கு 'இல்ல' என்று சொல்கிறவர்களும் உண்டே? அவர்களும் போடவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போதுதான் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் பதிலில் இல்லை, நாம் தமிழில் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. "போடலை, அப்படித்தானே?" என்றால் 'ஆமா' வரும். "போடலையா?" என்றால் 'ஆமா'வும் வரலாம், 'இல்ல'யும் வரலாம், இரண்டுக்கும் ஒரே பொருள். காலையில் ஒரு வடிவம், மதியம் இன்னொன்று என்று நீங்கள் மாற்றினால், சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவதுபோல் பதிவாகிவிடும். ஆங்கிலத்தில் வால் ஒட்டிய கேள்வி ('அப்படித்தானே' மாதிரி முடிவது) வந்தால் தமிழிலும் வால் ஒட்டுங்கள், விசாரணை முழுக்க அதே வால்.

நிஜமாகவே புரியாதபோது?

ஊகிக்காதீர்கள். சாட்சியிடம் நேராகப் பேச்சும் கொடுக்காதீர்கள். நீதிபதியிடம் "பதிலில் பொருள் மயக்கம் உள்ளது, தெளிவுபடுத்திக்கொள்ள இன்டர்பிரெட்டர் அனுமதி கோருகிறார்" என்று படர்க்கையில் சொல்லுங்கள். சாட்சியின் பேச்சைத்தான் நாம் 'நான்' என்று சொல்கிறோம், இங்கேயும் 'நான்' என்றால் அது சாட்சியின் வாக்குமூலமாகிவிடும். தப்பாகச் சொல்லிவிட்டது பிறகு உறைத்தால், அதே படர்க்கையில் உடனே திருத்தம் கோருங்கள்.

'யெஸ்' என்றே சொல்லி, சந்தேகம் வந்தால் வக்கீலே கேட்டுக்கொள்ளட்டும் என்பது என் கருத்து.

வக்கீலுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சந்தேகம் வரும், சார். தெரியாததால்தான் உங்களை அழைத்திருக்கிறார்.

இலங்கைத் தமிழர் வழக்குக்கு இந்தியத் தமிழர் போகலாமா?

போகலாம், காது பழகியிருந்தால். "அவரோட கதைச்சன்" என்பதைக் கேட்டு, கதை விட்டார் என்று மொழிபெயர்த்தால் ஒரு மனிதரைப் பொய்யராக்கிவிடுவீர்கள். அவர் பேசினேன் என்கிறார். தொடங்கும் முன் இரண்டு நிமிடம் பேசிப் பார்க்க அனுமதி கேளுங்கள், வழக்கைத் தொடாமல் ஊர், பயணம் பற்றி. பிடிபடவில்லை என்றால் அப்போதே சொல்லி விலகுங்கள்.

பிறப்புச் சான்றிதழைக் குடியேற்ற அலுவலகத்துக்கு மொழிபெயர்க்க என் கோர்ட் பதிவு தேவையா?

தேவையில்லை. முழுமையானது, சரியானது, எனக்கு இந்த மொழிபெயர்ப்புக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்த்தவர் எழுதிச் சான்றளித்தால் போதும்.

டெக்சஸுக்குக் குடிபோகிறேன். 30 மணி அங்கே செல்லுமா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அங்கே இரண்டு ஆண்டுக்கு 16 மணி, அதில் 2 மணி நன்னெறி. உரிமமும் அங்கே தனியாக வாங்க வேண்டும்.

மருத்துவ இன்டர்பிரெட்டர் சான்றுக்கு எடுத்த மணிகளை இங்கே காட்டலாமா?

மேலே சொன்னேன்: ஒப்புதல் எண்.

சான்றுபெற்ற தமிழ் இன்டர்பிரெட்டர் ஆவதற்கு...

பதிவுபெற்ற. மேலே பாருங்கள்.

தமிழுக்குச் சான்றுத் தேர்வு எப்போதாவது வருமா?

எந்த மொழிக்கு எவ்வளவு தேவை என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு நடக்கிறது. நீதிமன்றங்களில் தமிழ் எத்தனை முறை தேவைப்பட்டது என்பது அதில் வரும். அதனால் கட்சிக்காரர் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சமாளிப்பதைவிட, தமிழ் வேண்டும் என்று கேட்டு வாங்குவது நல்லது.

அக்கா, 100 டாலர் கட்டிவிட்டேன், இனி...

முதல் பதில்.