கார்டை வீட்டில் வைத்துவிட்டு போனோடு கடைக்குப் போகலாமா?

கேள்வி: கிரெடிட் கார்டைப் போனில் சேர்த்துக்கொண்டால், கார்டு இல்லாமலே கடைகளில் பணம் செலுத்தலாம் என்கிறார்கள். போன் தொலைந்தால் கார்டும் சேர்ந்து தொலைந்ததாகிவிடாதா? எது பாதுகாப்பானது? (திருப்பூர் வாசகர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆனாலும் கார்டை நீட்டுவதைவிடப் போனில் செலுத்துவதே பாதுகாப்பானது. போனின் பூட்டையும் சிம்மையும் முதலில் பலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை.

கார்டின் எண், காலாவதி மாதம், சிவிவி என்ற ரகசிய எண் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கார்டின் மேலேயே அச்சிடப்பட்டிருப்பதால், உணவகத்தில் அதை வாங்கிக்கொண்டு கல்லாவுக்குப் போகும் ஒருவர் அரை நிமிடத்தில் அவற்றைக் குறித்துக்கொள்ள முடியும். தொட்டுச் செலுத்தும் கார்டாக இருந்தால், 5,000 ரூபாய் வரை பின் எண்ணே கேட்காது.

போனில் சேர்க்கும்போது உங்கள் கார்டு எண்ணுக்குப் பதிலாக, அந்தப் போனுக்கு மட்டுமே செல்லுபடியாகும் டோக்கன் என்ற மாற்று எண் உருவாக்கப்படுகிறது. ரிசர்வ் வங்கி இதை 2019இல் அனுமதித்தது. திரைப்பூட்டைத் திறந்து, ஸ்வைப் மெஷினுக்குச் சில சென்டிமீட்டர் அருகில் போனைக் காட்டும்போது, டோக்கனுடன் ஒருமுறை மட்டுமே பயன்படும் ரகசியக் குறியீடும் செல்வதால், அதை இடையில் யாராவது திருடினாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. பில்லில் அச்சாகும் கடைசி நான்கு இலக்கங்கள் உங்கள் கார்டின் இலக்கங்களோடு பொருந்தாமல் போகலாம். பதற வேண்டாம், அவை டோக்கனுடையவை. பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செல்லும்போது பில்லுடன் அதே போனையும் கொண்டுசெல்லுங்கள்.

இப்படி அருகில் காட்டிச் செலுத்த உதவும் என்எஃப்சி வசதி உங்கள் போனில் இல்லையென்றால், ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து செலுத்தலாம். 2022இல் வந்த இந்த வசதி கடைகளுக்கு மட்டுமே. தனிநபருக்குப் பணம் அனுப்ப உதவாது. யுபிஐ பின் எண் பணம் செலுத்துவதற்கானது. பணம் பெறுவதற்கு அதை உள்ளிடச் சொல்பவர் மோசடிக்காரர். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

திரைப்பூட்டுக்குப் பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாதபடி மாற்றுங்கள். பலரும் கவனிக்காதது, சிம்முக்கென்று தனியாகப் பின் எண் வைக்கும் சிம் பூட்டு: அது இல்லாவிட்டால், திருடியவர் உங்கள் சிம்மை வேறு போனில் போட்டு ஓடிபியைப் பெற்றுவிடுவார். அதை இயக்கும் முன் சிம்மின் தற்போதைய பின் எண்ணை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் முடங்கிவிடும்.

போன் தொலைந்தால் உடனே வங்கியை அழைத்து டோக்கனையும் யுபிஐயையும் முடக்குங்கள். பெரும்பாலும் கார்டை மாற்றத் தேவையிருக்காது. அடுத்து சிம்மை முடக்கி, காவல் துறையில் புகார் அளித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் தடைசெய்யுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐயும் அழையுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. ஆனால் பின் எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், புகார் அளிக்கும் வரையிலான இழப்பு உங்களைச் சேரும்.