மக்கள் சொல்வதை நம்பிச் சமூகவியல் ஆய்வு செய்யலாமா?

பேட்டியில் ஒன்றைச் சொல்லிவிட்டு நடைமுறையில் வேறொன்றைச் செய்வதுதான் மனித இயல்பு என்றால், பேட்டிகளையும் கருத்துக்கணிப்புகளையும் ஆதாரமாகக் கொண்ட சமூகவியல் ஆய்வுகளுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலையில் சமூகவியல் படித்து, பின்னர் சில ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று வினாத்தாள் நிரப்பும் வேலையிலும் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்குப் பேட்டி பலவீனமான சான்று. தம் நடத்தையை அவர் எந்தச் சொற்களால் நியாயப்படுத்துகிறார் என்பதற்கோ அதுவே முதன்மையான சான்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தக் கேள்வி பழையது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாப்பியர், சீனர்கள் மீதான வெறுப்பு அமெரிக்காவில் வெளிப்படையாக இருந்த 1930களின் தொடக்கத்தில், ஓர் இளம் சீனத் தம்பதியருடன் அந்நாட்டில் நெடும்பயணம் செய்தார். விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குச் சென்றதில் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று அவர் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மாட்டோம் என்றார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்ற ஐயம் நியாயமானது. அந்தத் தம்பதியர் நல்ல ஆங்கிலம் பேசியதும், கூடவே ஒரு வெள்ளையர் இருந்ததும் முடிவைப் பாதித்திருக்கும். ஆயினும் 1934இல் வெளியான அந்தச் சிறு கட்டுரையைக் கடந்து போக யாராலும் முடியவில்லை.

2014இல் காலின் ஜெரோல்மாக், ஷாமஸ் கான் ஆகிய இரு சமூகவியலாளர்களும் இந்தப் பழைய நெருப்பை மீண்டும் ஊதினார்கள். வாய்மொழியிலிருந்து நடத்தையை ஊகிப்பது ஒரு தர்க்கப் பிழை என்றும், மக்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய அவர்களோடு களத்தில் இருந்து பார்ப்பதுதான் வழி என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அவர்களுக்குத் துணைநின்ற சான்றுகளில் முக்கியமானது டேவா பேஜரும் லிங்கன் குவில்லியனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சிறை சென்று திரும்பியவரை வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டபோது முதலாளிகளில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் எடுப்போம் என்றனர். விண்ணப்பதாரர் வெள்ளையரா கறுப்பரா என்பதால் அந்தப் பதில் மாறவில்லை. ஆனால் அதே முதலாளிகளிடம் முன்னரே, வேலை தேடுவோராக நடித்த இளைஞர்கள் நேரில் சென்று விண்ணப்பித்திருந்தார்கள். சிறைப் பதிவு உள்ள வெள்ளையருக்கு 17 விழுக்காட்டு இடங்களிலும், அதே பதிவுள்ள கறுப்பருக்கு 5 விழுக்காட்டு இடங்களிலும் மட்டுமே மறு அழைப்பு கிடைத்திருந்தது. லாப்பியரின் விடுதிக்காரர்கள் செய்ததைவிட மோசமாகப் பேசினார்கள்; மில்வாக்கி முதலாளிகள் செய்ததைவிட நன்றாகப் பேசினார்கள். இடைவெளி எந்தப் பக்கம் சாயும் என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

ஜெரோல்மாக்கும் கானும் சற்று அதிகமாகவே போய்விட்டார்கள் என்பது என் எண்ணம். மிஷெல் லாமோன், ஆன் ஸ்விட்லர் ஆகியோர் அதே ஆண்டில் எழுதிய மறுமொழியில், கற்பனைகள், தன்மதிப்பு, தம்மைவிடத் தாழ்ந்தவர் என்று ஒருவர் யாரை நினைக்கிறார் என்பன போன்றவற்றைக் களத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றார்கள். இன்னொரு சமூகவியலாளரான ஸ்டீபன் வெய்சியின் வாதம் இன்னும் கூர்மையானது. அமெரிக்க வளரிளம் பருவத்தினர் தங்கள் நெறிமுறையைப் பேட்டியில் விளக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். ஆனால் வினாத்தாளில் அவர்கள் தேர்ந்த ஒற்றை விடை, ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகான நடத்தையை ஓரளவு முன்னறிவித்தது. அப்படியானால் சொல்லுக்கும் செயலுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இந்த விவாதத்தில் ஓர் இந்திய எடுத்துக்காட்டு அரிதாகவே பேசப்படுகிறது. 2007 அக்டோபரில் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் இரு ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் அனுப்பினார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதத்தை உயர்சாதிப் பெயருக்கு 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. விண்ணப்பத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது, பெயர் மட்டும்தான். ஆனால் அந்த வேலையைத் தருபவரின் மனதில் என்ன ஓடியது என்பதை இந்த எண்களால் சொல்ல முடியாது. அதைச் சொன்னது சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் எடுத்த பேட்டிகள். தாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்றவர்களே, குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் தயக்கமின்றிச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தந்தை என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் எத்தனை பேர் படித்தவர்கள் என்று கேட்பது அவர்கள் கணக்கில் தகுதியை அளப்பதுதான். இதைப் பேட்டியன்றி வேறு எந்த முறையும் வெளியே கொண்டுவந்திருக்காது. பேட்டியை மட்டும் வைத்திருந்தால், அதே மேலாளர்களின் 'தகுதி மட்டுமே' என்ற சொல்லை அப்படியே எழுதிவிடும் ஆபத்தும் இருந்தது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் சேர்ந்தே வருகிறது. மாமியார் அருகில் அமர்ந்திருக்கும்போது மருமகள் தரும் விடை வேறு, அவர் உள்ளே போனபின் தரும் விடை வேறு என்பது வினாத்தாளோடு வீடுகளுக்குப் போன எவருக்கும் தெரியும். 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில், உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா என்று அடுத்த கேள்வி. இரண்டையும் சேர்த்து 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் கடைப்பிடிப்பதாகக் கணக்கில் வந்தன. முகம் தெரியாத ஒருவரிடம் தாமாக ஒப்புக்கொண்டவர்களின் அளவு இது என்பதால், அந்த எண்ணை நான் குறைந்தபட்ச மதிப்பீடாகவே படிக்கிறேன்.