ரூட்டர் காட்டும் 62 டிகிரி: சூடா, மின்சாரமா?

கேள்வி: எங்கள் அலுவலக ரூட்டர் மூன்று வாரமாகப் பிற்பகல் நேரத்தில் தானாக அணைந்து, மீண்டும் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. ‘ஷோ என்விரான்மென்ட்’ கட்டளை கொடுத்தால் ஒரு வரியில் 62 டிகிரி என்று காட்டுகிறது. பவர் சப்ளை வரியில் ‘நார்மல்’ என்றே இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர், ரூட்டர் சூடாகிவிட்டது என்றும், இரட்டைப் பவர் சப்ளை உள்ள புதிய ரூட்டரும் தனியாக ஒரு வெப்பக் கண்காணிப்புக் கருவியும் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். நான் கணக்குப் பிரிவைச் சேர்ந்தவன். நெட்வொர்க் பொறுப்பு கூடுதலாக என்மேல் விழுந்தது. அவர் சொல்வது சரியா?

பதில்: இன்னும் இரண்டு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் ரூட்டருக்குள் வெப்பத்தை அளக்கும் உணரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லையென்றால் அந்த 62 எங்கிருந்து வந்தது? இருக்கும் உணரியை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் சிக்கல். அதற்கு இன்னொரு உணரியை விலைக்கு விற்பது மருந்தாகாது.

62 டிகிரி என்பது ரூட்டருக்குள் எந்த இடத்தின் சூடு என்று நீங்கள் எழுதவில்லை; ஒப்பந்தக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். ஒரே பெட்டிக்குள் காற்று நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று, சிபியூவை ஒட்டி ஒன்று எனப் பல உணரிகள் இருக்கும். சிபியூ அருகே 62 என்றால் பெரும்பாலான கருவிகளில் அது சாதாரண வேலை நாள், நிம்மதியாகத் தூங்கலாம். காற்று நுழையும் இடத்தில் 62 என்றால் தூங்கவே கூடாது, ஏனெனில் அலுவலகப் பயன்பாட்டுக்கான ரூட்டர்கள் பலவும் 40 டிகிரி வரையிலான சுற்றுப்புறத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. கணினி அறைகளில் கருவிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே எனும் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. அந்தக் காற்றை ரூட்டரின் காற்றுத் துளை முன்னால்தான் அளக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஏசி காட்டும் எண் அதற்கு ஈடாகாது. கட்டளையின் விடையை மறுபடி எடுத்து, உணரியின் பெயரையும் பக்கத்தில் உள்ள நிலையையும் படியுங்கள். சிஸ்கோ வகைக் கருவிகளில் நார்மல், வார்னிங், கிரிட்டிக்கல், ஷட்டவுன் என்ற வரிசையில் நிலை ஏறும். 62க்கு நேராக நார்மல் என்று இருந்தால், ஒப்பந்தக்காரரின் முதல் வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

பவர் சப்ளை வரியில் உள்ள ‘நார்மல்’ உங்களுக்கு ஆறுதல் தர வேண்டாம். அந்தச் சொல் நீங்கள் கட்டளை கொடுத்த நொடியைப் பற்றியது. ரூட்டர் அணைந்தது அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. பவர் சப்ளைக்குள் சேமிப்பில் இருக்கும் மின்சாரம், உள்ளே வரும் மின்சாரம் தடைப்பட்டால் ஏறக்குறைய 10 முதல் 20 மில்லி நொடி வரைதான் தாங்கும். அதே மின்தடத்தில் ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தால், விளக்கு இமைப்பதைக்கூட நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ரூட்டர் விழுந்து எழுந்திருக்கும். பிற்பகல் என்றதுமே எல்லோரும் வெயிலைச் சந்தேகிக்கிறார்கள். பிற்பகலில்தான் ஏசிகளும் அதிகம் ஓடுகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெப்பமா மின்சாரமா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது, அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அடுத்த முறை ரூட்டர் அணைந்து எழுந்தவுடன், அதே ரேக்கில் உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்குள் (அலுவலகக் கணினிகளை இணைக்கும் கருவி) போய், அது எவ்வளவு நேரமாக இடைவிடாமல் இயங்குகிறது என்று பாருங்கள். சுவிட்சும் ரூட்டரும் ஒரே நிமிடத்தில் பிறந்தவையாக இருந்தால், குற்றவாளி பெட்டிக்கு வெளியே, மின்தடத்தில் இருக்கிறான். சுவிட்ச் பல மாதமாக ஓடிக்கொண்டிருந்து ரூட்டர் மட்டும் பத்து நிமிடக் குழந்தையாக இருந்தால், ரூட்டரையோ அதன் பவர் சப்ளையையோ சந்தேகிக்கலாம். இந்த நேரத்தை எஸ்என்எம்பி (கருவிகளின் நிலையை நெட்வொர்க் மூலம் கேட்டறியும் முறை) வழியாக எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த எண்ணி நூறில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டு போய், ஏறக்குறைய 497 நாளில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதைப் பார்த்து ரூட்டர் அணைந்தது என்று அலறியவர்களை நான் அறிவேன். ‘ஷோ வெர்ஷன்’ விடையில் கடைசியாக ஏன் தொடங்கியது என்ற வரியும் உண்டு. அங்கே ‘ரீலோட்’ என்றால் கட்டளையால் தொடங்கியது. ‘பவர்-ஆன்’ என்றால் மின்சாரம் போய்த் திரும்பியது. ஆனால் சூட்டினால் பவர் சப்ளை தன்னைத் தானே துண்டித்துக்கொண்டாலும் அங்கே ‘பவர்-ஆன்’ என்றே வரலாம் என்பதால், அந்த ஒரு வரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வெப்பம் திடீரென்று வராது, ஏறித்தான் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த அளவுகளை வரைபடமாக்கினால், அணைவதற்கு முன் கோடு மலையேறியிருக்க வேண்டும். கோடு சமதளமாக ஓடி, சட்டென்று அறுந்திருந்தால் அது மின்சாரம். இந்த வரைபடத்துக்கு ஸாபிக்ஸ், லிப்ரே என்எம்எஸ் போன்ற இலவச மென்பொருள்களே போதும். அலுவலகத்தில் ஓய்ந்து கிடக்கும் ஒரு பழைய கணினியில் நிறுவலாம். கூடவே ரூட்டரின் சிஸ்லாக் (நிகழ்வுப் பதிவு) செய்திகளையும் அந்தக் கணினிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரூட்டர் தன் பதிவுகளைத் தன் நினைவகத்திலேயே வைத்திருந்தால், அணைந்த நொடியில் சாட்சியும் சேர்ந்து அழிந்துவிடும்.

இங்கே என் பொறுமையைச் சோதிக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உணரி அளவுகளை எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 3433 என்ற இணையத் தர ஆவணம் ஒரு பொது அட்டவணையை வகுத்துக் கொடுத்துவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென ஒரு கிளை வைத்துக்கொண்டு, ஒருவர் முழு டிகிரியாகவும், இன்னொருவர் பத்தில் ஒரு பங்காகவும் எண்ணைக் கொடுக்கிறார்கள். உங்கள் வரைபடத்தில் 423 டிகிரி என்று வந்தால் பதறாதீர்கள், அது 42.3. அந்த ஒரு புள்ளியை வைத்துப் புது ரூட்டர் விற்றவர்களும் உண்டு. எஸ்என்எம்பியை இயக்கும்போது ‘பப்ளிக்’ என்ற பெயரையே கடவுச்சொல்லாக விட்டுவிட வேண்டாம். கருவி அனுமதித்தால் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

எச்சரிக்கைச் செய்தி எந்த வழியாக வெளியே போகிறது என்பதையும் கேளுங்கள். ரூட்டர் அணைந்தால் மின்னஞ்சல் வரும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அந்த மின்னஞ்சலை அதே ரூட்டர் வழியாகவே அனுப்ப வைத்திருக்கும் அலுவலகங்கள் ஏராளம். ரூட்டர் தானாக அனுப்பும் ‘டிராப்’ என்ற எச்சரிக்கைச் செய்தியும், போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யூடிபி முறையில் போவது. சாகிற நேரத்தில் அது போய்ச் சேருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அளவு வராமல் நின்றுபோனாலே எச்சரிக்கை என்று வையுங்கள். அந்த எச்சரிக்கை மொபைல் இணைப்பு போன்ற வேறொரு பாதையில் வெளியேறட்டும்.

இனி இரட்டைப் பவர் சப்ளை. கருவி நல்லதுதான், அதை மாட்டுகிற விதம்தான் கொடுமை. இரண்டு கம்பிகளும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகப்பட்டு, அந்தப் பெட்டி ஒரே யூபிஎஸ்ஸில் தொங்குவதை நான் எத்தனையோ ரேக்குகளில் பார்த்துவிட்டேன். யூபிஎஸ் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்; அதற்கு இரட்டை விலை எதற்கு? காலாண்டுக்கு ஒரு முறை வந்து, ரேக் கதவைத் திறந்து மூடி, ‘எல்லாம் நன்று’ என்ற படிவத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகும் பராமரிப்பையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தில் உணரியின் பெயர், அன்றைய அளவு, மின்விசிறியின் நிலை ஆகிய மூன்றும் எழுதப்படாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் காற்றுத் துளையில் படிந்த தூசியைத் துடைத்தாலே அளவு இறங்கிவிடும். அதைச் செய்யத்தான் யாரும் வருவதில்லை.

மேலே சொன்ன அனைத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ரூட்டர் பெட்டிக்கு வெளியே தனி அடாப்டரால் இயங்கும் சிறிய வகையா என்று உடனே பாருங்கள். அந்த வகையில் பலவற்றுக்கு அடாப்டரின் நலத்தை அறிய வழியே கிடையாது. உள்ளே மின்சாரம் வருகிறவரை ‘நார்மல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் வறண்டு போகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் பழகிய கணக்கு. ரேக்கின் பின்னால் சூடான காற்று வெளியேறும் இடத்தில் செருகப்பட்ட அடாப்டர் முதலில் கிழமாவது அதனால்தான். 12 வோல்ட் அடாப்டரைத் தனியாக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.1 வோல்ட் காட்டும். ‘நன்றாக இருக்கிறது’ என்பார் வந்தவர். ரூட்டரோடு இணைத்து, இணையத்தில் எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள், 11.4க்குக் கீழே இறங்கினால், ஐந்து விழுக்காட்டு வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். அங்கே சூடு என்றும் மின்சாரம் என்றும் இரண்டு நோய்கள் இல்லை. சூடுதான் மின்சாரத்தைக் கெடுத்திருக்கிறது, பிற்பகலில் கெடுவதும் அதனால்தான். எதையும் வாங்காதீர்கள் என்று தொடங்கிய நான் இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறேன்: அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல், பிளக்கின் நடுமுனை நேர்மின் முனையா எதிர்மின் முனையா என்ற குறியும் அதேபோல் உள்ள புதிய அடாப்டர் ஒன்றை வாங்கி, சூடு தாக்காத இடத்தில் செருகி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.