விஸ்காம் படித்தால்தான் டிவி நிருபர் ஆகலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ ஹியூமானிட்டீஸ் முடித்திருக்கிறேன். தமிழ் நியூஸ் சேனலில் நிருபராக ஆசை. கோவையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேரச் சொல்கிறார் மாமா. எங்கள் டீச்சரோ எகனாமிக்ஸ் எடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: எங்கள் ஓட்டு டீச்சருக்கு. கேமராவோ எடிட்டிங்கோதான் ஆசை என்றால் மாமா சொல்வது சரி. விஸ்காமில் ஓவியம், போட்டோ, விளம்பரம், சினிமா, அனிமேஷன் என்று எல்லாம் உண்டு. செய்திக்கு ஒதுக்குவது கொஞ்சம்தான். மைக் பிடிப்பதும் பீஸ் டு கேமரா (கேமராவைப் பார்த்துச் செய்தி சொல்வது) பேசுவதும் வேலையில் சேர்ந்த சில வாரங்களில் படிந்துவிடும். விஷயம் தெரியாமல் போய் நின்றால்தான் சிக்கல்.

உங்கள் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளாவுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது தண்ணீரின் மொத்த அளவு. அணை திறப்பில் சொல்லும் கன அடி, ஒரு வினாடிக்கான கணக்கு. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் 1 டி.எம்.சி. இந்த இரண்டையும் குழப்பி நேரலையில் உளறுகிறவர்கள் ஏராளம். எகனாமிக்ஸோ பொலிட்டிக்கல் சயின்ஸோ படித்தவருக்கு ஒப்பந்தத்தையும் பட்ஜெட்டையும் பிரித்துப் படிக்கும் பழக்கம் இருக்கும்.

கேரளத்தில் 2024 முதல் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவிலும் பட்டத்தோடு வெளியேறலாம். மேஜர் (முதன்மைப் பாடம்) எகனாமிக்ஸ், மைனர் (துணைப் பாடம்) ஜர்னலிசம் என்று எடுக்க முடிந்தால் இரண்டு டிகிரிக்கு அலைய வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் எல்லா மைனரும் கிடைக்காது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே ஆபீஸில் விசாரியுங்கள். மொழிப் பாடமாகத் தமிழ் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையே இருக்கிறது.

தொழில்பயிற்சி டிகிரிக்குப் பிறகு போதும். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், காக்கநாட்டில் உள்ள கேரள மீடியா அகாடமி இரண்டிலுமே எந்தப் பாடத்தில் டிகிரி முடித்தவரும் பி.ஜி. டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கலாம்.

அதுவரை ஒரு பயிற்சி. சேனல் தேர்வில் பெரும்பாலும் ஆங்கில ஏஜென்சி செய்தி ஒன்றைக் கொடுத்து, 30 வினாடித் தமிழ்ச் செய்தியாக்கச் சொல்வார்கள். 50 சொல்லைத் தாண்டினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக இருப்பதைத் தமிழில் மூன்றாக உடையுங்கள். எழுதியதை போனில் பதிவு செய்து கேளுங்கள். ர-ற, ல-ள-ழ எங்கே தடுமாறுகிறது, மலையாள இழுவை எங்கே எட்டிப் பார்க்கிறது என்று காதே காட்டிக்கொடுக்கும். அதற்காக மலையாளத்தை விட்டுவிடாதீர்கள். வாளையாறு, முல்லைப்பெரியாறு என்று எல்லையில் பிரச்சினை வந்தால், மலையாள அதிகாரியிடம் பைட் (சிறு பேட்டி) வாங்கி, அதே நிமிடம் தமிழில் சொல்லத் தெரிந்தவரைத்தான் சேனலின் செய்தி டெஸ்க் முதலில் கூப்பிடும்.