டாரதி போனாளா, இல்லையா?

அன்புள்ள ஐயா,

கன்சாஸில் வாழும் டாரதி என்ற சிறுமியைச் சூறாவளி ஆஸ் என்ற மாய நாட்டுக்குக் கொண்டுபோய்விடும் கதை, எல். ஃபிராங்க் பாம் எழுதிய ஆஸ் நாவல். அதை என் எட்டு வயது மகளுக்கு இரவுகளில் வாசித்துக் காட்டினேன். முடித்த கையோடு 1939-இல் வந்த திரைப்படத்தையும் இருவருமாகப் பார்த்தோம். "வெள்ளிச் செருப்பு ஏன் செவப்பா இருக்கு? பீங்கான் ஊர் எங்க? யாருமே பச்சைக் கண்ணாடி போடலையே?" என்று படம் நெடுகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் டாரதி கட்டிலில் கண்விழித்ததும், "அப்போ அவ போகவே இல்லையா?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு மாற்றுவதென்றால் அந்த நாவலை எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்? எல்லோரும் கொண்டாடும் படம் என்பதால் தயக்கத்துடன்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் கேட்ட கடைசிக் கேள்விதான் கேள்வி. அதற்கு முன் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

செருப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வண்ணப்படம் அன்று பெரிய விஷயம். மஞ்சள் செங்கல் பாதையில் வெள்ளி எடுபடாது, சிவப்பு எடுபடும். பீங்கான் ஊர் போனதும் சரிதான். மரகத நகரத்தை ஆளும் போலி மந்திரவாதி பலூனில் பறந்துபோன பிறகு நாவலில் தெற்கு நோக்கி இன்னொரு பயணமே இருக்கிறது. படிக்கும்போது சுவாரசியம், படத்தில் வைத்திருந்தால் அரங்கில் பாதிப்பேர் எழுந்திருப்பார்கள்.

பச்சைக் கண்ணாடி மட்டும் நஷ்டம். நாவலில் மரகத நகரம் வேறெந்த ஊரையும்விடப் பச்சையானதல்ல. வாசலிலேயே கண்ணாடியை மாட்டிப் பூட்டிவிடுகிறார்கள், அதனால் பச்சையாகத் தெரிகிறது. மந்திரவாதி ஒருவன் மட்டும் ஏமாற்றுக்காரன் இல்லை, ஊரே அந்த ஏமாற்றை மூக்கின்மேல் சுமந்து திரிகிறது. படத்தில் நகரம் உண்மையிலேயே பச்சை. மோசடி ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் அடங்கிவிட்டது.

ஆனால் நாவலைப் படிக்காமல் எடுத்த படம் என்று சொல்ல மாட்டேன். முதல் அத்தியாயத்தில் பாம் கன்சாஸை வர்ணிக்கும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். நிலம் சாம்பல், புல் சாம்பல், வீடு சாம்பல், எம் அத்தையின் கண்ணும் உதடும்கூடச் சாம்பல். அதைப் படம் ஒரே ஒரு கதவால் சொல்லிவிட்டது. கன்சாஸ் முழுக்கப் பழுப்பு நிறம். சூறாவளி வீட்டைக் கொண்டுபோய்ப் போட்டதும் டாரதி கதவைத் திறக்கிறாள், வெளியே வண்ணம். அந்த ஷாட்டே வண்ணப் படச்சுருளில் எடுத்ததுதான். வீட்டின் உட்புறத்துக்குப் பழுப்புச் சாயம் அடித்து, பழுப்பு உடை போட்ட வேறொரு பெண்ணை விட்டுக் கதவைத் திறக்க வைத்தார்கள். அவள் ஒதுங்கிக்கொள்ள, நீல உடையில் ஜூடி கார்லண்ட் வெளியே நடந்து போகிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

அப்புறம்தான் கனவு. அது கடைசியில் ஒட்டவைத்ததல்ல, முதலிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறார்கள். பண்ணையாட்கள் மூவர்தான் பிறகு ஆஸில் டாரதியுடன் வரும் வைக்கோல் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம். டாரதியின் நாய் டோட்டோவைப் பிடுங்க வரும் பெண்மணிதான் சூனியக்காரி. கெட்டிக்காரத்தனமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே ஆஸில் புதிதாக ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. டாரதி பார்த்ததெல்லாம் ஏற்கெனவே தெரிந்த முகங்கள்தான். நாவலின் கன்சாஸில் அத்தை, மாமா, நாய் தவிர யாருமே கிடையாது. அங்கிருந்து அவளால் இந்தக் கூட்டத்தைக் கனவில்கூடத் திரட்டியிருக்க முடியாது!

நல்ல சூனியக்காரி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நாவலில் இருவர். வடக்கே இருப்பவளுக்குச் செருப்பில் ஏதோ மந்திரம் இருப்பது தெரியும், என்னவென்று தெரியாது. அது டாரதியை வீட்டுக்கே கொண்டுபோய்விடும் என்று தெற்கே இருக்கும் கிளிண்டாவுக்குத் தெரியும், டாரதி அவளிடம் போய்ச் சேருவதுதான் தாமதம். படம் இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது. எனவே கிளிண்டா முதலிலேயே எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காதவள் ஆகிறாள். முதலில் சொல்லியிருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய் என்று கடைசியில் ஒரு சமாதானம் வேறு. கனவுதானே, யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூட வராது. டாரதி புல்வெளியில் வந்து விழுகிறாள். காலில் செருப்பில்லை, வழியில் பாலைவனத்தில் விழுந்துவிட்டது. எதிரே ஹென்றி மாமா கட்டிய புது வீடு. பழையதைத்தான் சூறாவளி கொண்டுபோய்விட்டதே! அவள் போனாளா என்று அங்கே யாரும் கேட்க முடியாது.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1910-இல் பாம் எழுதிய ஆறாவது ஆஸ் புத்தகத்தில், அந்தப் புது வீட்டைக் கட்ட நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனை ஹென்றி மாமாவால் அடைக்க முடியவில்லை. நிலம் கைவிட்டுப் போகும் நிலை. டாரதி அத்தையையும் மாமாவையும் ஆஸுக்கே வரவழைத்துவிடுகிறாள்.