வாகாஷியும் மாட்சாவும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஜப்பானியத் தேநீர் விருந்தில் வாகாஷி என்ற இனிப்பு ஒரு கடி, மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளில் கலக்கிய தேநீர் ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாதா?

பதில்: கூடாது. இனிப்பு முழுவதும் தீர்ந்த பிறகுதான் கிண்ணத்தைத் தொட வேண்டும். மாட்சாவில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நாக்கில் மிச்சமிருக்கும் இனிப்பின் மேல்தான் அதன் கசப்பு இறங்குகிறது. தேநீரின் மணத்தை மறைத்துவிடக் கூடாது என்பதால் தேநீருக்கான இனிப்பில் வாசனை தூக்கலாக இருக்காது. தனியாகச் சாப்பிட்டுவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று வாகாஷியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அது தேநீரோடு சேர்த்து எடைபோட வேண்டிய பண்டம்.

கேள்வி: எந்தத் தேநீருக்கு எந்த இனிப்பு?

பதில்: கொய்ச்சா என்ற கெட்டித் தேநீருக்கு ஓமோகாஷி. இது ஈரப்பதமுள்ள, கனமான இனிப்பு; நெரிகிரி (வெள்ளைப் பயறு விழுதில் உருவம் செய்வது), கிந்தோன், மன்ஜூ போன்றவை. உசுச்சா என்ற இளந்தேநீருக்கு ஹிகாஷி, அதாவது உலர் இனிப்பு. வசன்போன் என்ற நுண்ணிய ஜப்பானியச் சர்க்கரையை மர அச்சில் அழுத்தி எடுப்பது இந்த வகைதான். அந்தச் சர்க்கரை தொகுஷிமா, ககாவா பகுதிகளில் தயாராகிறது. ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேல் என்றால் நமகாஷி (ஈர இனிப்பு), 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஹிகாஷி என்று பொதுவாகப் பிரிப்பார்கள்.

உசுச்சாவுக்கு 2 கிராம் மாட்சா, 80 டிகிரி அளவில் 70 மில்லி நீர். கொய்ச்சாவில் ஆளுக்கு 4 கிராம் தூள் விழும், நீரோ அதில் பாதிதான். அத்தனை அழுத்தமான தேநீரை வெறும் வயிறு தாங்காது, அதனால்தான் முன்னால் கனமான இனிப்பு. கூட்டம் பெரிதாக இருக்கும் நிகழ்ச்சிகளில் உசுச்சாவுக்கே நமகாஷி தருவதும் சகஜம்.

கேள்வி: வீட்டில் அசுகி என்ற சிறு சிவப்புப் பயறில் கொஷியான் (தோல் நீக்கிய இனிப்புப் பயறு விழுது) செய்தேன். துவர்த்தது, பசைபோல இழுத்தது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். முதல் கொதிநீரைக் கொட்டாவிட்டால் துவர்க்கும். 250 கிராம் பயறு கொதித்துச் சில நிமிடங்களில் நீரை வடித்து, பயறை அலசி, புது நீரில் சிறுதீயில் வேகவையுங்கள். விரல்களுக்கிடையில் எதிர்ப்பில்லாமல் நசுங்கும்வரை சர்க்கரை பக்கமே போகாதீர்கள். சர்க்கரை விழுந்த பிறகு பயறு மேற்கொண்டு வேகாது.

பசைக்குப் பெரும்பாலும் மிக்ஸிதான் காரணம். வெந்த பயறின் மாவுச்சத்து நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டிருக்கும். கொஷியானின் வழவழப்பான மென்மை அந்தச் செல்கள் உடையாமல் இருப்பதால் வருவது. அரைத்தால் அவை உடைந்து மாவுச்சத்து வெளியே வந்துவிடும். சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, நிறைய நீரில் கரைத்துப் படியவிட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை இறுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து துணியில் பிழியுங்கள். பிழிந்த விழுதை நிறுத்து, அதன் எடையில் 60 முதல் 70 சதவீதம் சர்க்கரை, கொஞ்சம் நீர் சேர்த்துக் கிளறுங்கள். கரண்டியிலிருந்து விழும் கட்டி சரியாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் இறுகும். சட்டியிலேயே விடாமல் சிறு சிறு கட்டிகளாகத் தட்டில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: அசுகி கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி?

பதில்: தாராளமாக. அசுகிக்கு நெருங்கிய உறவுதான். தோக்கியோ வட்டாரத்தில் செகிஹான் என்ற சிவப்புச் சோற்றுக்கே காராமணியைத்தான் விரும்புவார்கள், வேகும்போது அசுகிபோல வயிறு வெடிக்காது என்பதால். மணம் மட்டும் சற்று மாறும்.

கேள்வி: நெரிகிரி உருவம் செய்யும்போது ஓரமெல்லாம் வெடிக்கிறது.

பதில்: மாவு காய்ந்துவிட்டது. 300 கிராம் வெள்ளைப் பயறு விழுதுக்கு 10 கிராம் ஷிராதமாகோ (ஒட்டரிசி மாவு), 20 மில்லி நீர், 20 கிராம் சர்க்கரை கலந்து காய்ச்சிய கியூஹி என்ற மென்மாவைச் சேருங்கள். விழுதை முதலில் சூடாக்கி, மேற்பரப்பு வெளிறி, கையில் ஒட்டாத பதத்துக்கு ஈரத்தை வற்றவைக்க வேண்டும். பிறகு கியூஹியைச் சேர்த்துப் பிசைந்து, சிறு துண்டுகளாகப் பிய்த்து ஆறவிட்டு, மறுபடி சேர்த்துப் பிசையுங்கள். ஒட்டினால் ஈரம் மிச்சம். வெடித்தால் ஈரம் போதவில்லை. வேலை நடக்கும்போது பிழிந்த ஈரத்துணியால் மூடியே வையுங்கள்.

கேள்வி: மிசு யோக்கான் என்ற பயறு ஜெல்லியில் பயறு அடியில் படிந்து இரண்டு அடுக்காகிறது, மேடம்.

பதில்: சூடாகவே அச்சில் ஊற்றியிருப்பீர்கள். 500 மில்லி நீரில் 4 கிராம் அகர் தூள். இழையாக விற்கும் சைனா கிராஸ் என்றால் 8 கிராம் ஊறவைத்துப் போடுங்கள். முழுதும் கரையக் கொதித்த பிறகே 100 கிராம் சர்க்கரை, அடுத்து 400 கிராம் கொஷியான், ஒரு சிட்டிகை உப்பு. பாத்திரத்தை நீரில் வைத்து, 45 டிகிரி அளவுக்கு ஆறிக் கெட்டிப்படும்வரை கிளறி ஊற்றினால் படியாது.

கேள்வி: ஜூனில் விருந்து வைக்கிறேன். என்ன பரிமாறலாம்?

பதில்: மினசுகி. உய்ரோ என்ற, ஆவியில் வேகவைத்த வெள்ளை மாவுப் பண்டத்தின் மேல் அசுகி பதித்து, முக்கோணமாக வெட்டியது. பனிக்கட்டித் துண்டைக் குறிக்கும் வடிவம், தீமையை விரட்டும் பயறு. கியோத்தோவில் ஜூன் 30 அன்று, அரையாண்டுத் தூய்மைச் சடங்கு நாளில், இதைச் சாப்பிடுவது வழக்கம். விருந்து மாத முதலிலேயே என்றால் ஹைட்ராஞ்சியா பூவைக் காட்டும் நெரிகிரி பொருந்தும்.

கேள்வி: மீந்த தாய்ஃபுக்குவை (ஒட்டரிசி மாவுக்குள் பயறு விழுது வைத்த உருண்டை) ஃப்ரிட்ஜில் வைத்தேன், கல்லாகிவிட்டது.

பதில்: குளிரில் ஒட்டரிசி மாவுச்சத்து மறுபடி இறுகிவிடும். அன்றே தீர்ப்பது உத்தமம். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்து, அறை வெப்பத்தில் இளகவிடுங்கள். கியூஹியில் சர்க்கரை கூடுதல் என்பதால் அது அவ்வளவு சீக்கிரம் இறுகாது. முன்கூட்டியே செய்வதானால் மேல்மாவுக்கு அதையே எடுங்கள்.